எண் 23 வரைந்த பூக்கள்

சின்னாளபட்டி
3 பிப்ரவரி 2025

பேராசிரியர் மதியழகன் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. ஆனால் என்னைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். போன வாரம் திண்டுக்கல் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அங்கே கிடந்த மாதப் பத்திரிகையைப் புரட்டினேன். உளவியல் என்கிற படிப்பு எப்படிப் பிறந்தது, எப்படி நம் ஊருக்கு வந்தது என்று நீங்கள் எழுதும் தொடர். அதில் பன்னிரண்டாம் பக்கம். நீங்கள் மறந்திருந்தால் நானே எடுத்து எழுதுகிறேன்:

'1967-இல் சின்னாளபட்டிப் பள்ளி ஒன்றில் தாளை எட்டாக மடித்து, ஓட்டை போட்டு, பிரித்தால் எப்படி இருக்கும் என்று வரையச் சொன்னேன். எண் 23 என்ற சிறுமி ஓட்டைகளுக்குப் பதில் பூப் போட்டாள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அறிவுத் தேர்வில் அவளுக்குக் கிடைத்தது மிகக் கீழான தரம். நாற்பது ஆண்டுகளாக வகுப்பில் இதைச் சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.'

அந்த எண் 23 நான்தான். பெயர் வீரலட்சுமி. வயது அறுபத்தெட்டு. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஏன் முழுசாக இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அது ஜூலை பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. நீங்கள் காப்பிக் கலர் பேண்ட் போட்டிருந்தீர்கள். சட்டைப் பையில் பேனா மை கசிந்து நீலத்திட்டு. ஜலதோஷம். நிமிஷத்துக்கு ஒருமுறை மூக்கை உறிஞ்சினீர்கள். எங்கள் ஒவ்வொருவர் சட்டையிலும் எண் எழுதிய காகிதத்தைக் குண்டூசியால் குத்தினீர்கள். எனக்குக் குத்தும்போது தோளில் பட்டுவிட்டது. நான் அழவில்லை.

மூன்று நாள் கழித்துப் பெரிய டீச்சர் எங்கள் ஒன்பது பேரை எண் சொல்லிக் கூப்பிட்டு, வரிசையை விட்டுத் தனியாக நிற்கவைத்தார். மறுவாரம் என் அப்பாவை வரச்சொன்னார்கள். அப்பா சாயப்பட்டறையிலிருந்து கை கழுவாமல் வந்தார். வீட்டுக்குத் திரும்பியதும் அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பெரிய படிப்பு படிச்சவுக, கடியாரம் வச்சுப் பாத்துச் சொல்லிருக்காக. நம்மள விட அவுகளுக்குத் தெரியாதா." அத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது.

இந்தத் தொடர் புத்தகமாக வரப்போகிறது என்றும் அதே பக்கத்தில் கீழே போட்டிருக்கிறது. அதற்குத்தான் எழுதுகிறேன். புத்தகத்தில் அந்தப் பத்தி இருக்கக் கூடாது. எடுத்துவிட்டால் மட்டும் போதாது. நடந்தது என்ன என்று எழுத வேண்டும்.

நான் எதையும் லேசில் மறக்கிறவள் இல்லை. 1981-இல் ஒரு கல்யாணப் பந்தியில் மூத்த நாத்தனார் என் இலைக்கு மட்டும் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்காமல் தாண்டிப் போனதற்கே இன்றுவரை அவர் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. உங்கள் கணக்கு அதைவிடப் பழையது.

வீரலட்சுமி

*

வடவள்ளி, கோவை
12 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய வீரலட்சுமி அம்மாள் அவர்களுக்கு,

பத்திரிகை அலுவலகம் தங்கள் கடிதத்தை அனுப்பிவைத்தது. எண்பத்திரண்டு வயதில் ஒரு வாசகர் கடிதம் இத்தனை சூடாக வருவது ஒருவகையில் மகிழ்ச்சியே.

சில விளக்கங்கள் தர விரும்புகிறேன். ஆய்வில் நாங்கள் பெயர்களைப் பதிவு செய்வதில்லை. எண் மட்டுமே. ஆகவே எண் 23 யார் என்று எனக்கே தெரியாதபோது, அது தாங்கள்தான் என்று உறுதி செய்ய வழியில்லை. இரண்டாவது, முடிவுகளைப் பள்ளியிடம் சொல்வது நெறிமுறைக்கு மாறானது. நான் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை. தங்கள் படிப்பு நின்றதற்கு வேறு குடும்பக் காரணங்கள் இருந்திருக்கலாம். அக்காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு அது வழக்கம்.

மூன்றாவதாக, இந்தச் சோதனைகளை ஏதோ ஒரு இளைஞன் விளையாட்டாகச் செய்ததாகத் தாங்கள் எண்ணிவிடக் கூடாது. மனம் என்பது நெடுங்காலம் தத்துவவாதிகளின் கையிலும் மதகுருக்களின் கையிலும் இருந்தது. 1879-இல் ஜெர்மனியில் லைப்சிக் நகரில் முதன்முறையாக அதற்கென்று ஓர் ஆய்வுக்கூடம் வைத்தார்கள். ஒலி கேட்டதும் விரல் பொத்தானை அழுத்த எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார்கள். காணாத ஒன்றை அளக்க முடியும் என்று மனிதன் கண்ட நாள் அது. 1905-இல் பாரிஸில் குழந்தைகளின் அறிவை அளக்கும் முதல் அளவுகோல் பிறந்தது. அது அமெரிக்கா போனது. 1916-இல் கல்கத்தாவில் நம் நாட்டின் முதல் உளவியல் துறை தொடங்கியது. அந்த நீண்ட ஊர்வலத்தின் கடைசியில், ஒரு தகரப் பெட்டியோடு சின்னாளபட்டிக்கு வந்து இறங்கியவன் நான். தமிழில் அச்சோதனைகளை மொழிபெயர்த்து நடத்திய முதல் சிலரில் ஒருவன். ஆயிரத்து இருநூறு குழந்தைகள், பதினாறு பள்ளிகள்.

அந்தத் தாள் மடிப்பு வினாவுக்கு விடை ஒன்றே ஒன்று. எட்டு ஓட்டைகள், ஒரே அளவில், உரிய இடங்களில். பூக்கள் அல்ல. அந்தச் சிறுமியைப் புண்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. அது ஓர் இனிய நினைவு மட்டுமே.

தங்கள் நலன் நாடும்
மதியழகன்

*

சின்னாளபட்டி
19 பிப்ரவரி 2025

பேராசிரியருக்கு,

இனிய நினைவு உங்களுக்கு. எனக்கு அப்படி இல்லை.

நான் எண் 23 என்பதற்குச் சாட்சி கேட்கிறீர்கள். தருகிறேன். உங்கள் எழுத்தில் எல்லாம் இருக்கிறது, ஒன்றைத் தவிர. நீங்கள் ஓட்டை போட்டது எதனால்? ஓட்டை போடுவதற்கென்று ஒரு மெஷின் இருக்கிறது, கிளார்க் மேஜையில் இருக்குமே, அதனால் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அன்றைக்கு அதை நீங்கள் கொண்டுவரவில்லை. பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினீர்கள். பிறகு பெட்டியைக் கவிழ்த்தே பார்த்தீர்கள். கடைசியில் பியூன் சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியைப் பிடுங்கிக் கொடுத்தார். காலண்டரில் இருந்தது பழனி முருகன். பியூன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தரையில் வைத்தார். நீங்கள் மடித்த தாளைப் பெஞ்சுமேல் வைத்து, அந்த ஆணியைச் செருப்பால் இரண்டு தட்டுத் தட்டினீர்கள்.

நான் பத்து வயதுப் பிள்ளை என்றாலும் ஐந்து வயதிலிருந்து அம்மாவோடு உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்குப் புள்ளி கட்டியவள். துணியை மடித்துப் போட்டு, நகத்தால் கிள்ளி, நூல் சுற்றி, சாயத்தில் முக்குவோம். பிரித்தால் எந்தப் புள்ளி எங்கே விழும், மேல் மடிப்பில் சாயம் எம்புட்டு ஏறும், அடி மடிப்பில் எம்புட்டுக் கம்மியாக ஏறும், எது முன்பக்கம், எது பின்பக்கம், இதெல்லாம் எனக்குப் பால் குடித்த மாதிரி. அதனால் உங்கள் ஆணியைப் பார்த்தேன். கூராணி. மேல்தாளில் முழுசாக இறங்கியது. அடித்தாளில் முனை மட்டும்தான் எட்டிப் பார்த்தது.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். படித்தவர், சோதனை செய்யத் தெரியும். செய்தித்தாளை எடுத்து மூன்று முறை மடியுங்கள். எட்டு மடிப்பு வரும். ஒரு கூராணியை இரண்டு தட்டுத் தட்டுங்கள். பிரியுங்கள். ஓட்டைகள் ஒரே அளவா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். அதற்கப்புறம் பூ என்றால் என்ன என்று எனக்கு எழுதுங்கள்.

பள்ளியிடம் சொல்லவே இல்லை என்கிறீர்கள். நீங்கள் கிளம்பும்போது பெரிய டீச்சர் அறை வாசலில் நான் குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றேன். "இந்த இருபத்தி மூணு ரொம்ப மந்தமுங்க டீச்சர். மேல படிக்க வெச்சுச் சிரமப்படுத்தாதீங்க." இது உங்கள் குரல். நான் அங்கேதான் நிற்கிறேன் என்று தெரிந்தே சொன்னீர்கள். மந்தமான பிள்ளைக்குக் காது கேட்காது என்று உங்கள் படிப்பில் எழுதியிருக்கிறதோ என்னவோ.

வீரலட்சுமி

*

வடவள்ளி, கோவை
5 மார்ச் 2025

அம்மா,

கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முதல் நான்கு நாள் கோபத்தில் போயிற்று. ஐந்தாம் நாள் காலை, செய்தித்தாளைப் படித்து முடித்தபின், மடித்தேன். ஆணி வீட்டில் இருந்தது. சுத்தியல் கிடைக்காமல் அம்மிக்குழவியால் தட்டினேன்.

எட்டு ஓட்டைகள். முதலாவது மிளகு அளவு. எட்டாவது ஊசி முனை. இடையில் உள்ளவை படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போயின. தாங்கள் சொன்னபடி விரலால் தடவினேன். நான்கில் கிழிசல் மேல்நோக்கி நின்றது, சின்ன இதழ்கள் விரிந்தாற்போல. மற்ற நான்கில் கிழிசல் பின்பக்கம் போய், முன்பக்கம் வெறும் வட்டமாக இருந்தது. மடிக்கும்போது தாள் ஒன்றுவிட்டு ஒன்று புரள்கிறது அல்லவா. நாற்பது ஆண்டு இந்த வினாவைக் கற்பித்திருக்கிறேன். ஒருமுறையும் செய்து பார்த்ததில்லை.

பிறகு பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னேன். விடைத்தாள்கள் அப்படியே இருக்கின்றன. எண் 23-ஐ எடுத்தேன். பென்சில் கோடு மங்கவில்லை. நான்கு பூ, நான்கு வட்டம். என் செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். எந்த மூலையில் பெரிது, எந்த மூலையில் சிறிது, எதில் இதழ், எதில் இல்லை. எட்டுக்கு எட்டு. அதன் குறுக்கே சிவப்பு மையில் என் கையெழுத்தில் பூஜ்யம்.

என் களக் குறிப்பேட்டில் அந்தத் தேதிக்கு ஒரே வரி: 'துளைக்கருவி திண்டுக்கல் விடுதியில் மறந்து போயிற்று. ஆணி.' கருவியை மாற்றினேன். விடைக்குறிப்பை மாற்றவில்லை.

இன்னொன்றும் கிடைத்தது. மறைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தலைமையாசிரியைக்கு நான் அனுப்பிய கடிதத்தின் கார்பன் நகல். ஒன்பது எண்கள். கீழே, 'இக்குழந்தைகளுக்கு மேற்படிப்பு பரிந்துரைக்கப்படவில்லை.' சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை என்று எழுதியபோது இது எனக்கு நினைவே இல்லை, அது தெரிந்து சொன்ன பொய்யல்ல. ஆனால் அந்த மறதியும் எனக்கு வசதியாகத்தான் இருந்திருக்கிறது.

தாங்கள் சொன்னது அனைத்தும் சரி. வருந்துகிறேன்.

ஆயினும் ஒரு நடைமுறைச் சிக்கல். நூல் அச்சகத்துக்குப் போய்விட்டது. நான்காம் இயலில் அந்தப் பத்தி இருக்கிறது. அடுத்த பதிப்பில் ஓர் அடிக்குறிப்பாகத் திருத்தத்தைச் சேர்க்கிறேன். இதைத் தாங்கள் ஏற்க வேண்டும்.

மதியழகன்

*

சின்னாளபட்டி
11 மார்ச் 2025

பேராசிரியருக்கு,

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். 'எட்டுக்கு எட்டு' என்ற இடத்தில் என் மருமகளைக் கூப்பிட்டு அவளையும் படிக்க வைத்தேன். அவள், "அத்தே, இதுக்காகவா ஆணியக் கண்டா அம்புட்டுக் கோபப்படுவீங்க" என்றாள். இந்த வீட்டில் இருபத்தாறு வருஷம் இருக்கிறாள், இப்போதுதான் தெரிகிறது அவளுக்கு.

அடிக்குறிப்பை ஏற்க மாட்டேன்.

சிரித்தது பெரிய எழுத்தில், திருத்துவது சின்ன எழுத்திலா. அதுவும் அடுத்த பதிப்பில். உங்களுக்கு எண்பத்திரண்டு, எனக்கு அறுபத்தெட்டு. அடுத்த பதிப்பைப் படிக்க நம்மில் யார் இருப்பார் என்று அளந்து சொல்ல உங்களிடம் கருவி இருக்கிறதா.

நான் ஒருத்தி மட்டும் இல்லை சார். வரிசையை விட்டு நிறுத்தியது ஒன்பது பேர். எனக்கு முந்தின எண் ரம்ஜான் பீவி. அவளிடம் நீங்கள் கேட்டது, 'குளிர்காலத்தில் கணப்படுப்பில் எதைப் போடுவோம்' என்று. அவள் திருதிருவென்று முழித்தாள். திண்டுக்கல்லில் எவன் வீட்டில் சார் குளிர்காயக் கணப்படுப்பு இருக்கிறது. சடையாண்டிக்கு ஒரு பூட்ஸ் படம் காட்டி இதில் என்ன குறை என்றீர்கள். பூட்ஸுக்குக் கயிறு இல்லை, அதுதான் குறை. அவன் செருப்பே போட்டதில்லை. "ஒரு குறையும் இல்ல சார், நல்ல செருப்பு" என்றான். மரியாதைக்குச் சொன்னான். அதற்கும் பூஜ்யம். அவன் இன்றைக்கு அய்யலூர் சந்தையில் பெரிய ஆட்டு வியாபாரி. ஆட்டைத் தூக்காமல் கண்ணால் பார்த்தே எடை சொல்வான். அரைக்கிலோ பிசகாது. அவனையும் படிப்பு வராதவன் என்று அனுப்பினார்கள்.

போன கடிதத்துக்கு முந்தின கடிதத்தில் பெரிய ஊர்வலம் ஒன்று சொன்னீர்கள். ஜெர்மனி, பாரிஸ், அமெரிக்கா, கல்கத்தா. கடிகாரம் பிடித்தவர்கள் கதை எல்லாம் தெரிகிறது. கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் யார் சார். அவர்களுக்குப் பெயர் இருந்ததா, இல்லை எல்லாருமே எண்தானா. உங்கள் புத்தகத்தில் அதற்கு ஓர் இயல் இருக்கிறதா.

அச்சகத்தை நிறுத்துங்கள். மெஷின்தானே, நின்றாலும் மறுபடி ஓடும். நான் நின்றது நின்றதுதான்.

வீரலட்சுமி

*

வடவள்ளி, கோவை
24 மார்ச் 2025

அம்மா,

அச்சகத்தை நிறுத்திவிட்டேன். பதிப்பாளர் என்னோடு பேசுவதில்லை. அவருக்குச் செல்பேசியில் நான் சொன்னது இதுதான்: "தவறான புத்தகம் சீக்கிரம் வருவதில் யாருக்கும் லாபமில்லை."

தாங்கள் கேட்ட கேள்வி என்னைத் தூக்கத்திலும் விடவில்லை. கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் யார்? பழைய நூல்களையெல்லாம் மறுபடி எடுத்தேன். விடை என் கண்முன்னே ஐம்பது ஆண்டுகளாக இருந்திருக்கிறது. லைப்சிக்கில் அந்த முதல் ஆய்வுக்கூடத்தில் சோதனைக்கு உட்கார்ந்தவர்கள் அங்கிருந்த ஆய்வாளர்களே. இன்று நான் கடிகாரம் பிடித்தால் நாளை நீ பிடிப்பாய். உட்கார்ந்தவரின் பெயர் கட்டுரையில் அச்சாயிற்று. அவர் சொன்னது அறிஞர் சொன்னதாக மதிக்கப்பட்டது. பின்னால் பள்ளிப் பிள்ளைகளும் சிப்பாய்களும் ஏழைகளும் ஆயிரக்கணக்கில் எதிரே உட்கார ஆரம்பித்தார்கள். அப்போதுதான் பெயர் போய் எண் வந்தது. அவர்கள் என்ன நினைத்து அப்படிச் சொன்னார்கள் என்று கேட்பதும் நின்றது.

இன்னொன்று. பாரிஸில் அந்த அளவுகோலைச் செய்தவர், எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கவே அதைச் செய்தார். பிள்ளையின் அறிவு இவ்வளவுதான் என்று முடிவு கட்டுவதை அவரே எதிர்த்து எழுதியிருக்கிறார். அதை நான் மாணவனாக இருந்தபோதே படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஆனால் சின்னாளபட்டியில் உதவி யாருக்கு என்று ஒரு வரிகூட எழுதவில்லை. உதவிக் கை கடல் தாண்டி வந்து சல்லடை ஆனது. அதைப் பிடித்துச் சலித்தவர்களில் நானும் ஒருவன்.

நான்காம் இயலைக் கிழித்துப் புதிதாக எழுதுகிறேன். ஆணி, தாள், தங்கள் படம், என் பூஜ்யம், கார்பன் நகல், எல்லாம் அப்படியே வரும். அந்த ஒன்பது பேருடைய பெயர்களும் வேண்டும், அவர்கள் சம்மதத்தோடு. என்னிடம் எண்கள் மட்டுமே உள்ளன. உலகத்தில் அந்தப் பட்டியல் இருக்கும் ஒரே இடம் தங்கள் தலைதான்.

என்னை மன்னிப்பீர்களா என்றும் கேட்கிறேன்.

மதியழகன்

*

சின்னாளபட்டி
2 ஏப்ரல் 2025

பேராசிரியருக்கு,

எழுதிக்கொள்ளுங்கள். எண் 4 பாக்கியராஜ், வாத்தியார் வீட்டுப் பிள்ளை, திக்குவாய், பதில் தெரிந்தும் உங்கள் கடிகாரம் முந்திக்கொண்டது. 7 மரியசெல்வி. 9 சடையாண்டி. 13 சேதுபதி, அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல், நெற்றியில் பத்துப் போட்டே வந்தான். 16 மாலதி. 18 பாண்டி. 22 ரம்ஜான் பீவி. 23 நான். 31 சகாயசெல்வி, இவளுக்குக் கிட்டப்பார்வை, நீங்கள் காட்டிய படம் எதுவும் தெரியவில்லை. கண்ணாடி போட்ட பிறகு ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு முழுக்க அவள் மேற்பார்வை.

பாக்கியராஜ், சேதுபதி, மாலதி, பாண்டி நாலு பேரும் காலமாகிவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் வீட்டுக்கு நானே ஆட்டோவில் போய்க் கேட்டேன். எல்லாரும் சரி என்றார்கள். மாலதியின் மகள் மட்டும், "எங்கம்மா இதெல்லாம் சொன்னதே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சடையாண்டியைச் சந்தையிலேயே பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும், "ஏ வீரு, அந்த ஆளு பூட்ஸ் போட்டுத்தான் வந்தாரா" என்று கேட்டான். இல்லை, சாதாரணச் செருப்பு என்றேன். "அப்புறம் எந்த மொகத்த வச்சுக்கிட்டு என்கிட்ட கேட்டாரு" என்று கேட்டு, ஆட்டுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான். பெயர் போடச் சொல்லிவிட்டான்.

மன்னிப்பு பற்றிப் புத்தகம் வந்த பிறகு பார்ப்போம்.

வீரலட்சுமி

*

கோவை, மருத்துவமனை
28 ஜூலை 2025

அம்மா,

குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை ஆயிற்று. இரண்டு மாதம் பயணம் கூடாது என்கிறார்கள். எழுதுவதும் படுத்தபடிதான், எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நூல் தயாராகிவிட்டது. ஆகஸ்ட் 16, சனிக்கிழமை காலை, திண்டுக்கல்லில் வெளியீடு. அதை மாற்ற வேண்டாம். தமிழ்நாடு முழுவதிலுமிருந்து உளவியல் பேராசிரியர்கள் வருகிறார்கள். வெளியிட ஒரு துணைவேந்தரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் முன்வரிசையில் உட்காரட்டும். தாங்கள் வெளியிடுங்கள். மேடையில் தங்களை யாரும் காட்சிப்பொருளாக நடத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். என்ன பேசுவது, என்ன செய்வது, எல்லாம் தங்கள் விருப்பம்.

வர முடியாதது எனக்கு நிம்மதியாகவும் இருக்கிறது. தங்கள் முகத்தைப் பார்க்கும் துணிச்சல் இன்னும் வரவில்லை.

மதியழகன்

*

சின்னாளபட்டி
18 ஆகஸ்ட் 2025

பேராசிரியருக்கு,

இடுப்பு எப்படி இருக்கிறது. மருந்தைத் தவறாமல் சாப்பிடுங்கள். எழுந்து நடக்க அவசரப்படாதீர்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வேறு யார் சொன்னாலும் பாதியை விட்டுவிடுவார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ஏறியதும் மைக்கைக் கொடுத்தார்கள். நான் பேச வரவில்லை, பரீட்சை வைக்க வந்திருக்கிறேன் என்றேன். முன்வரிசையில் பன்னிரண்டு பேராசிரியர்கள். ஆளுக்கொரு தாளும் பென்சிலும் என் மருமகள் கொடுத்தாள். நான் ஒரு தாளை மூன்று முறை மடித்து, மேஜைமேல் வைத்து, கூராணியை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினேன். பிரிக்கவில்லை. வரையுங்கள், ஐந்து நிமிஷம் என்றேன். கடிகாரத்தை என் கையில் வைத்துக்கொண்டேன். அது நன்றாக இருந்தது சார். மறைத்துச் சொல்ல மாட்டேன், ரொம்ப நன்றாக இருந்தது.

பதினொரு பேர் எட்டு ஓட்டை ஒரே அளவில் போட்டிருந்தார்கள். ஒருவர் ஏழு. துணைவேந்தர் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன் என்று மைக்கிலேயே சொன்னேன். மண்டபம் அதிர்ந்தது.

அப்புறம் தாளைப் பிரித்துக் கைக்குக் கை மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். ஒவ்வொருவரும் விரலால் தடவிப் பார்த்தார்கள். மதுரையிலிருந்து வந்த ஓர் இளவயதுப் பேராசிரியர் எழுந்து, "அம்மா, கணக்குப்படி எங்க விடை சரிதானே" என்றார்.

"கணக்குல சரிதான் தம்பி. தாள்ல தப்பு" என்றேன்.

அவர் தாளை வாங்கி இன்னொரு தரம் தடவினார். பிறகு எல்லாருக்கும் முன்னால் தன் விடையில் தானே பூஜ்யம் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். நல்ல பிள்ளை. நான் வாங்கிப் பூஜ்யத்தை அடித்துவிட்டு, 'மறுபடி பார்த்துச் சொல்லவும்' என்று எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கு அன்றைக்கு அந்த மூன்று வார்த்தை எழுதத் தோன்றியிருந்தால் இந்தப் புத்தகத்துக்கே வேலை இல்லை.

பிறகு நான்காம் இயலிலிருந்து ஒன்பது பெயரையும் நானே வாசித்தேன். கண்ணாடி இல்லாமல்தான். பார்த்து வாசிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. என்னைத் தவிர இருக்கிற நாலு பேரையும் மேடைக்குக் கூப்பிட்டேன். இல்லாதவர்களுக்கு அவர்கள் பிள்ளைகள் வந்தார்கள். மாலதியின் மகள் புத்தகத்தை வாங்கி அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள். சடையாண்டி மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, துணைவேந்தரை ஏற இறங்கப் பார்த்து, "அறுபத்தெட்டு, அறுபத்தெட்டரை" என்றான். அவர் சிரித்துக்கொண்டே, போன வாரம்தான் நிறுத்துப் பார்த்தேன், அறுபத்தெட்டுதான் என்று ஒப்புக்கொண்டார்.

உங்கள் எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புது இயலை முழுக்கப் படித்தேன். உங்களைக் காப்பாற்ற ஒரு வரியும் இல்லை. 'தேர்வில் தோற்றவர் தேர்வை நடத்தியவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்லாமலே எழுதியிருக்கிறீர்கள். மன்னிப்பு கேட்டதற்கு என் பதில்: என் பங்கைத் தந்துவிட்டேன். மற்ற எட்டுப் பங்கு என்னுடையது அல்ல. நடக்க முடிந்ததும் நீங்களே வந்து, ஒவ்வொரு வீடாகக் கேளுங்கள். விலாசம் எல்லாம் தருகிறேன். சடையாண்டி வீட்டுக்கு மட்டும் சாப்பிடாமல் போங்கள், விட மாட்டான்.

ரம்ஜான் பீவி பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. நாகல் நகரில் மூத்த மகன் அயாஸ் வீட்டில் இருக்கிறாள். விழாவுக்கும் அவன்தான் கூட்டிவந்தான். அவளை எனக்கு அறுபது வருஷமாகத் தெரியும். எது கேட்டாலும், "எனக்கென்ன தெரியும், பள்ளிக்கூடத்துலயே புத்தி பத்தாதுன்னு அனுப்பிட்டாங்க, பிள்ளைகளக் கேளுங்க" என்பாள். மகள் ரஃபியாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அப்படித்தான். புருஷன் போன பிறகும் அப்படித்தான்.

சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம் புத்தகத்தை நீட்டி, "வீரு, என் வரிய மட்டும் படி" என்றாள். படித்தேன். 'எண் 22, ரம்ஜான் பீவி. கேள்வி தவறு. பதில் சொல்லாமல் இருந்ததே சரியான பதில்.' இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். மூன்றாம் தடவை அயாஸைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு படிக்கச் சொன்னாள். சத்தமாகப் படித்தேன்.

அவள் முந்தானையைச் சரி செய்துகொண்டு மகனைப் பார்த்தாள்.

"அப்பு, நம்ம வீட்ட இடிச்சுக் கட்டப் போறதாச் சொன்னியே, அது இப்போதைக்கு வேணாம்."

"ஏம்மா, உங்ககிட்ட கேட்டுட்டுத்தானே எல்லாம் பண்றோம்" என்றான் அயாஸ்.

"கேக்கலப்பா. சொல்லிட்டுப் பண்ணுனீங்க. இனிமே கேட்டுட்டுப் பண்ணுங்க."

அவன் ஐம்பது வயது ஆள். தலையை ஆட்டினான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பந்திக்கு நடந்தாள், நான் அவளுக்குப் பின்னால் போகிற மாதிரி, ஓர் அடி முன்னாலேயே.

வீரலட்சுமி